டிரம்ஸ் மட்டும் மிஞ்சிய நான்கு பாட்டுகள்

அது 2002-ஆம் வருடம், ஜூன் மாதம். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் வேலை. சனிக்கிழமை மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். மிச்ச நேரத்தையெல்லாம் பாட்டுப் பதிவு என்கிற பைத்தியத்துக்குக் கொடுத்திருந்தேன்.

என்னிடம் ஒரு டிஜிட்டல் ரெக்கார்டர் இருந்தது. வீட்டிலேயே வைத்துப் பதிவு செய்கிற சின்ன மிஷின்தான். ஆனால் எட்டு டிராக் கொண்டது. டிரம்ஸ் ஒரு டிராக்கில், கீபோர்டு ஒரு டிராக்கில், குரல் ஒரு டிராக்கில் என்று தனித்தனியாகப் பதிந்துகொள்ளலாம். ஒன்றை அழித்தாலும் மற்றதற்கு ஒன்றும் ஆகாது. அதை வாங்கிய நாளிலிருந்து நான் நடந்த நடையே வேறு. ஏரியாவில் யார் பாடினாலும், "ரெக்கார்டிங் கொஞ்சம் கலீஜா இருக்கே" என்று குறை சொல்லிவிட்டுத்தான் நகர்வேன்.

எனக்கு ஒரு நண்பன் இருந்தான். லிங்கராஜபுரத்துக்காரன். அவர்களுடைய சர்ச்சில் டிரம்ஸ் வாசிப்பவன். எலக்ட்ரானிக் டிரம்ஸ் செட் ஒன்று வைத்திருந்தான். ரப்பர் தட்டுகளில் அடிக்க வேண்டும், சத்தம் பக்கத்தில் இருக்கும் பெட்டியிலிருந்து ஒயர் வழியாக ஹெட்போனுக்குப் போகும். பக்கத்தில் நிற்பவருக்கு டப் டப் என்று ரப்பர் தட்டுகிற ஓசைதான் கேட்கும். ஒண்டுக்குடித்தன வீடுகளுக்கு ஏற்ற வாத்தியம்.

அவனுடைய அக்காவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். சர்ச் கொயரில் முதல் குரல் அவருடையது. தையல் மிஷினை மிதித்துக்கொண்டே சொந்தமாகப் பாட்டு கட்டுவார். அப்படிக் கட்டியதில் நான்கு பாட்டுகள் சர்ச்சில் எல்லோருக்கும் மனப்பாடம். எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. எல்லாம் தொண்டையிலேயே இருந்தது.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. தைராய்டு என்றார்கள். ஆபரேஷன் செய்தாக வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அதன் பக்கத்திலேயே ஓடுகிறது, குரல் பழையபடி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு ஒரு மாதம் இருந்தது. அதற்குள் அந்த நான்கு பாட்டையும் பதிந்துவிட வேண்டும் என்று அக்காவும் தம்பியும் என் மாடிக்கு வந்தார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல்முறையாக என்னை நம்பி ஒரு பெரிய வேலை வருகிறது. பார்ப்பவர் அசந்துபோகிற மாதிரி செய்து காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். இந்தக் கதையில் நான் செய்த முதல் தப்பு அதுதான். அவர்கள் குரலைக் கொண்டுவந்தார்கள். நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்கு ஒரு சந்தர்ப்பம் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட பதிவில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் பாடுபவர் ஒருமுறை மேலோட்டமாகப் பாடிவிடுவார். அதற்குக் கைடு டிராக் என்று பெயர். டிரம்ஸ்காரர் அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே வாசிப்பார். தாளம், கீபோர்டு எல்லாம் ஏறிய பிறகு கைடை அழித்துவிட்டு, கடைசியில் பாடுபவர் ஒழுங்காகப் பாடுவார். கைடை யாரும் வைத்துக்கொள்வதில்லை. கட்டடம் எழும்பியதும் சாரத்தை அவிழ்த்துவிடுவது போல.

முதல் சனிக்கிழமை அக்கா கைடு பாடினார். என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு, நான்கு பாட்டையும் ஒரே மூச்சில் பாடி முடித்தார். கீழ்வீட்டில் குக்கர் விசிலடித்தது. தெருவில் ஒரு ஆட்டோக்காரர் ஸ்டார்ட் ஆகாத வண்டியை இழுத்துக்கொண்டிருந்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எதையும் கவனிக்கவில்லை. எப்படியும் அழிக்கப்போகிற பாட்டுதானே என்று எந்தப் பயமும் இல்லாமல் பாடினார். எவ்வளவு நன்றாகப் பாடினார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அந்த நேரத்தில் நான் பாட்டைக் கேட்கவில்லை, சத்தத்துக்கு ஏற்றபடி ரெக்கார்டர் மீட்டரில் ஏறி இறங்குகிற கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடித்ததும், "இதுவே நல்லாத்தானே இருக்கு தம்பி, இருக்கட்டுமே?" என்று கேட்டார். குக்கர், ஆட்டோ எல்லாம் விழுந்திருக்கிறது அக்கா, டிரம்ஸை முதலில் சுத்தமாக எடுத்துவிடுகிறேன், கடைசி வாரம் நிம்மதியாகப் பாடலாம் என்று பெரிய மனிதர் மாதிரி சொல்லி அனுப்பினேன்.

அதற்கப்புறம் நண்பன் டிரம்ஸ் செட்டை என் அறைக்கே கொண்டுவந்து இறக்கினான். இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினோம். முதல் பிரச்சினை, ஒயரில் கேட்ட 'ம்ம்ம்' என்கிற இரைச்சல். எலக்ட்ரீஷியன் வீட்டிலேயே எர்த் கோளாறா என்று நண்பன் கிண்டலடித்தான். இரண்டு மிஷினையும் ஒரே பிளக் போர்டுக்குக் கொண்டுவந்து, கரண்ட் ஒயரையும் பாட்டு ஒயரையும் தள்ளித் தள்ளிப் போட்ட பிறகு இரைச்சல் அடங்கியது. அடுத்தது, ஒரு தட்டில் அடித்தால் பக்கத்துத் தட்டும் சேர்ந்து சத்தம் போட்டது. எல்லாம் ஒரே கம்பியில் மாட்டியிருப்பதால் அதிர்வு தாவுகிறது. மாட்டும் இடத்திலெல்லாம் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன். காலால் மிதிக்கும் பெடல் சத்தம் கீழ்வீட்டுக்குப் போனது. மேலே என்ன, நெல்லு குத்துகிறீர்களா என்று அந்த வீட்டம்மா கன்னடத்தில் கேட்டுவிட்டுப் போனார். அதற்கு என் மெத்தையை மடித்து அடியில் போட்டேன். இரண்டு வாரம் பாயில்தான் படுத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். எல்லா டிரம்ஸ் சத்தமும் இரண்டு டிராக்கில் கலந்து விழுந்தால் பின்னால் சரிசெய்ய முடியாது என்று, பெரிய டிரம் தனி, ஸ்னேர் தனி, டாம் இரண்டு, சிம்பல் இரண்டு என்று ஆறு டிராக்காகப் பிரித்தேன். டிரம்ஸ் பெட்டிக்கு அவன் வாசித்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு திரும்ப அப்படியே வாசிக்கும் வசதி உண்டு. அதனால் ஒவ்வொரு சத்தமாகத் திறந்து ஒவ்வொன்றாக ரெக்கார்டருக்கு ஏற்றினேன். சத்தம் மிஞ்சிவிட்டது என்று காட்டும் சிவப்பை மீட்டர் ஒருமுறைகூடத் தொடாமல் பார்த்துக்கொண்டேன். ஹெட்போனில் கேட்டால் கண்ணாடி மாதிரி இருந்தது. நண்பனே, "மச்சான், இது நான் அடிச்சதா?" என்றான். நான் மிதந்துகொண்டிருந்தேன்.

நான்காவது பாட்டின் சிம்பலை ஏற்றும்போது மிஷின் நின்றுவிட்டது. இடம் இல்லை என்று திரையில் எழுத்து வந்தது. அந்தக் காலத்து ரெக்கார்டரில் இடம் கொஞ்சம்தான். நான் யோசிக்கவே இல்லை. நான்கு பாட்டிலும் கைடு குரல் இருந்த டிராக்கை அழித்தேன். அழித்ததைத் திரும்பக் கொண்டுவர ஒரு பட்டன் உண்டு. அதற்காக மிஷின் அழித்ததையும் உள்ளே ஒளித்து வைத்திருக்கும், அதனால் இடம் அப்படியே அடைத்துக்கொண்டுதான் இருக்கும். அதையும் முழுசாகத் துடைத்துவிடு என்று ஒரு கட்டளை இருந்தது. நிச்சயமாகவா என்று மிஷின் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். ஒரு நிமிஷம் ஓடி முடிந்தது. இடம் கிடைத்தது. சிம்பலை ஏற்றி முடித்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு டீ குடிக்கப் போனேன்.

அக்கா வந்து பாட இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஆனால் அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த நேரத்தில் நண்பனிடமிருந்து போன் வந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர் வெளியூர் போகிறாராம். அதனால் நாளைக் காலையிலேயே ஆபரேஷன், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம் என்றான். அவனே தொடர்ந்தான்.

"பரவால்ல மச்சான். அன்னைக்கு அக்கா பாடினது இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஆபரேஷனுக்குப் போகிற நேரத்தில் மனசைக் கலைக்க வேண்டாம் என்று நினைத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அது உண்மையில்லை. திட்டு வாங்கப் பயம், அவ்வளவுதான். கண்ணாடி மாதிரி வாசிப்பைக் காட்டிய மறுநாளே முட்டாளாக நிற்க எனக்கு மனசு வரவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். குரல்தான் வரவில்லை. மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். அக்கா கழுத்தில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். பேச வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார். இரண்டு கையையும் காதில் வைத்து, ஹெட்போன் மாட்டுவது போல ஜாடை காட்டி, இருக்கிறதா என்று தலையை அசைத்துக் கேட்டார். நானும் தலையை ஆட்டினேன். இரண்டாவது பொய்க்கு வாயைத் திறக்கும் சிரமம்கூட எனக்கு இல்லாமல் போனது.

மிஷினைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைந்தேன். அழிந்ததை மீட்டுத் தருவதாகச் சொன்ன ஒருவர் இரண்டு நாள் வைத்திருந்து, துடைத்த இடத்தின் மேல் வேறு ஏதோ பதிந்திருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது என்று திருப்பிக் கொடுத்தார். அந்த வேறு ஏதோ என்ன என்று எனக்குத் தெரியும். நான்காவது பாட்டின் சிம்பல்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியது. நண்பன் எப்போது கேட்டாலும் மிக்ஸிங் நடக்கிறது, பொறு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஃபேக்டரி கேட்டுக்கே வந்துவிட்டான். முகம் வாடியிருந்தது. அக்காவைக் குரல் பயிற்சிக்குப் போகச் சொல்லி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் அரை மணி நேரம் செய்ய வேண்டிய பயிற்சியாம். ஆரம்ப மாதங்களில் விடாமல் செய்தால் குரல் ஓரளவு திரும்பும், விட்டுவிட்டால் அப்படியே தங்கிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா ஒருநாள் போய்விட்டு, நிறுத்திவிட்டாராம். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம்.

"ஏன்னு கேட்டா, என் குரல் அந்த ரெக்கார்டிங் தம்பிகிட்ட பத்திரமா இருக்கு, இந்தத் தொண்டை போனா போகட்டும்னு எழுதிக் காட்டுது மச்சான். நீயாவது வந்து சொல்லு."

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவரைக்கும் என் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை, போன குரல் போனதுதான், அதைத் தெரிந்துகொள்வது நாலு நாள் தள்ளிப்போகிறது, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்யின் மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியும் உடனே போனேனா என்றால், இல்லை. நாலு நாள் ஆனது. பஸ் ஸ்டாப் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன், இரண்டு தடவை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் லிங்கராஜபுரம் போய்ச் சேர்ந்தேன். அக்கா ஜன்னலோரம் ஒரு பிளவுஸுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நண்பன் நாற்காலியில் இருந்தான். என்னைப் பார்த்ததும் அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. கேசட் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். என் பையைப் பார்த்தார்.

நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொல்வதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். டிரம்ஸுக்கு இடம் வேண்டும் என்று கைடை அழித்ததையும், போனில் கேட்டபோதே அது இல்லை என்பதையும், ஆஸ்பத்திரியில் தலையாட்டியதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நண்பன் எழுந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். என்னைத் தாண்டி வெளியே போய்விட்டான். அடித்திருந்தால் தேவலாம்.

தையல் மிஷின் நின்றுவிட்டது. அக்கா சக்கரத்தின் மேல் கையை வைத்தார். பிறகு பேசினார். காற்றும் சொல்லும் பாதிப்பாதியாக வந்தது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"அழிச்சது கைத்தப்பு தம்பி. யாருக்கும் வரும். இருக்குன்னு சொன்ன பாரு, அதை நம்பித்தான் ரெண்டு மாசம் சும்மா உக்காந்துட்டேன்."

சொல்லிவிட்டு அழுதார். அழுகைக்கும் சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. தைத்துக்கொண்டிருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைக்கப் போனவர், அது வேறொருவருடையது என்று ஞாபகம் வந்து கீழே வைத்துவிட்டு, முந்தானையை எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, போயிட்டு வா என்று கையால் காட்டினார். மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். தெருமுனை வரை அந்தச் சத்தம் கேட்டது.

அடுத்த வாரமே அக்கா பயிற்சிக்குப் போகத் தொடங்கினார் என்று கொயரில் பாடுகிற ஒரு பையன் மூலம் தெரிந்தது. நண்பன் என்னோடு பேசவில்லை. டிரம்ஸை எடுத்துப்போக வந்தபோதும் கீழே நின்றுகொண்டு, வேறு ஆளை மேலே அனுப்பினான். நான் ரெக்கார்டரைத் துணி சுற்றி அலமாரிமேல் வைத்துவிட்டேன். யாருடைய ரெக்கார்டிங்கையும் கலீஜ் என்று அதற்கப்புறம் நான் சொன்னதில்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. அக்கா வந்திருந்தார், பின்னால் நண்பன். அவன் கையில் ஒரு கேசட் டெக் இருந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அக்கா கட்டிலில் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். குரல் வந்திருந்தது. ஆனால் அது வேறு குரல். கனமாக, கரகரப்பாக, கீழேயே நின்றது. கொயரில் இப்போது பின்வரிசையில், கீழ்ச்சுருதி பாடுபவர்களோடு நிற்கிறேன் என்றார்.

"டிரம்ஸு, கிரம்ஸு எல்லாம் பேடா, வேணவே வேணாம். நான் பாடறேன், நீ எடு."

மைக்கை வைத்தேன். ஃபேனை நிறுத்தவில்லை. கீழ்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள், அதையும் நான் நிறுத்தச் சொல்லவில்லை. அக்கா நான்கு பாட்டையும் பாடினார். மேலே போக வேண்டிய இடங்களில் போக முடியாமல், அந்த வரிகளைப் பாட்டுக்குள்ளேயே திருப்பிக் கீழே கொண்டுவந்திருந்தார். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக மாற்றிக் கட்டியிருக்க வேண்டும். இந்தத் தடவை நான் மீட்டரைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை, கண்ணீர் மறைத்தது.

முடிந்ததும் ரெக்கார்டரை எடுத்து வைக்கப் போனேன். ஒழுங்காக மிக்ஸ் செய்து நானே லிங்கராஜபுரம் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அக்கா தலையை அசைத்தார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"வேணாம் தம்பி. இப்பவே, என் எதிர்ல காப்பி போட்டுக் குடு."

நண்பன் டெக்கைக் கொண்டுவந்து வைத்தான். ஒயரை மாட்டினேன். நான்கு பாட்டும் கேசட்டில் ஏறி முடியும்வரை அக்கா எழுந்திருக்கவில்லை. பிறகு கேசட்டை முதலிலிருந்து போடச் சொல்லி, கடைசிப் பாட்டின் கடைசி வரி வரை உட்கார்ந்து கேட்டார். எல்லாம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, எடுத்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். என் கையைப் பிடித்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். என்னை மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்கப்புறம் எதையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனதில்லை. அது சரிதான் என்று எனக்கும் தோன்றியது.

டிரம்ஸ் மட்டும் இருக்கிற அந்த நான்கு பாட்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் பதிந்ததில்லை. அதைப் போட்டுக் கேட்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் ஒன்று, இத்தனை வருடமாக யார் என்னிடம் எதைக் கேட்டு, "இருக்கா?" என்றாலும், அது ஒரு ஸ்பேனராக இருந்தாலும்கூட, எழுந்து போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் நான் பதில் சொல்கிறேன்.